குடிவரவுச் சட்டத்தில் இனம் எங்கே ஒளிந்திருக்கிறது?

சட்டப் படிப்பை முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வழிகாட்டி தேடும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு பேராசிரியரின் அறிமுகக் குறிப்பில் மனித உரிமை, புலம்பெயர்வு, இனவெறி என்று மூன்று துறைகளைப் போட்டிருக்கிறார்கள். நாட்டுக்குள் யாரை விடுவது என்பது அரசின் உரிமை. இனவெறி என்பது மனத்தில் இருக்கும் வெறுப்பு. இந்த இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் சேர்த்துப் படிக்கிறார்? இதில் சட்டத்துக்கு என்ன வேலை?"

இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இனவெறியை மனத்தில் இருக்கும் வெறுப்பு என்று வைத்துக்கொண்டால் சட்டத்துக்கு அங்கே வேலை குறைவுதான். யாருடைய மனத்தையும் திறந்து பார்க்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. ஆனால் யாரையும் வெறுக்காத ஓர் அதிகாரி, இனம் என்ற சொல்லே இல்லாத ஒரு விதியை ஓர் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறார்; மாலையில் கணக்குப் பார்த்தால் குறிப்பிட்ட ஒரு மக்கள் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். இதற்கு என்ன பெயர் வைப்பது? நீங்கள் சொல்லும் பேராசிரியர்கள் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான்.

ஆரம்ப காலச் சட்டங்கள் இதை மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. அமெரிக்கா 1882இல் போட்ட சட்டத்தில் சீனத் தொழிலாளர்கள் என்று பச்சையாகவே எழுதியிருந்தது. 1889இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வெளிநாட்டாரை விலக்குவது இறையாண்மையோடு பிறந்த அதிகாரம் என்று சொல்லி அந்த விலக்கலை ஏற்றுக்கொண்டது. எல்லையில் அரசின் கையை நீதிமன்றம் கட்டாது என்ற கோட்பாட்டின் மூல வழக்குகளில் ஒன்று அது. உங்கள் கேள்வியில் "அரசின் உரிமை" என்று சாதாரணமாக வருகிறதே, அதன் பூர்வீகத்தைத் தோண்டினால் சீனர்களை விரட்டிய ஒரு தீர்ப்பில் போய் நிற்போம்.

மற்ற ஆட்சிகள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக எழுதக் கற்றுக்கொண்டன. ஆஸ்திரேலியாவின் 1901ஆம் ஆண்டுச் சட்டம் எந்த இனத்தையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. அதிகாரி ஒரு ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைப் படிப்பார், வந்தவர் பிழையில்லாமல் எழுத வேண்டும், அவ்வளவுதான். எந்த மொழி என்பதை அதிகாரிதான் முடிவு செய்வார். 1934இல் எகான் கிஷ் என்ற செக் பத்திரிகையாளரை உள்ளே விட அரசுக்கு விருப்பமில்லை. அவருக்கோ பல மொழிகள் தெரியும். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் சோதனை வைத்துத் தோற்கடித்தார்கள்! (கேலிக் அந்தச் சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழி ஆகாது என்று உயர் நீதிமன்றம் பிறகு சொன்னது, கேலிக் பேசுகிறவர்களுக்கு அதில் வேறு கோபம்.) இந்தச் சோதனை 1958 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

கனடாவின் வழி இதைவிட எளிது. பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் நிற்காமல் நேராக வர வேண்டும் என்று 1908இல் ஒரு விதி. இந்தியாவிலிருந்து அப்படி நேராக வரும் கப்பலே கிடையாது. 1914இல் கோமகட்டா மாரு கப்பலில் வந்த 376 பேரில் பெரும்பாலோரை வான்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். விதியைப் படித்துப் பாருங்கள், கப்பல் வழித்தடத்தைப் பற்றி மட்டுமே அது பேசும்.

சரி, இதெல்லாம் வெள்ளையர் ஆட்சிகளின் கதை என்று யாரும் நிம்மதியடைய வேண்டாம். என் வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில்தான். சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டு வந்த சட்டம். அதிலும் இனத்தின் பெயர் இல்லை. இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடிமகனாக வேண்டுமென்றால், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். கேட்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விதிதான். ஆனால் ஆவணம் கேட்டு யாரை மடக்குவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்சேர்த்து அழைத்துவரப்பட்ட குடும்பங்கள், லயன் அறைகளில் பிறந்து வளர்ந்தவர்கள், பாட்டன் பிறந்த இடத்துக்குப் பத்திரத்துக்கு எங்கே போவார்கள்? ஏறத்தாழ ஏழு லட்சம் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்களாக ஆனார்கள். மறு ஆண்டே தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வாக்கும் இல்லை என்றாக்கினார்கள்.

இது நீதிமன்றத்துக்குப் போனது. கோடகன் பிள்ளை என்பவர் ருவன்வெல்லத் தொகுதி வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார். அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, மற்றவர்களுக்கு இல்லாத இடையூறை ஒரு சமூகத்துக்கு மட்டும் சட்டத்தால் சுமத்தக் கூடாது என்று தடுத்திருந்தது. வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போய் (அன்று இலங்கைக்கும் அதுவே கடைசி மேல்முறையீட்டு மன்றம்), 1953இல் தோற்றது. தீர்ப்பின் சாரம் இது: தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுச் சட்டமன்றத்துக்கும் இயல்பான வேலை; இந்தியத் தமிழர்களின் இடம்பெயரும் பழக்கம் அவர்கள் குடிமக்களாக இருக்கத் தகுதியானவர்களா என்பதோடு தொடர்புடையது, அவர்கள் ஒரு சமூகம் என்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை.

இந்த இடத்தில் மாணவர்களை நிறுத்தி இரண்டு முறை வாசிக்கச் சொல்வேன். அந்த மக்களை இடம்பெயர்த்தது பிரிட்டிஷ் ஆட்சியில் வளர்ந்த தோட்டத் தொழில். அந்த இடப்பெயர்வையே அவர்களுடைய "பழக்கம்" ஆக்கி, பழக்கத்தைத் தகுதிக் குறைவாக்கி, கடைசியில் இது இனத்தைப் பற்றியதல்ல என்று முடித்தது ஒரு பிரிட்டிஷ் மன்றம். புலம்பெயர்வு என்ற சொல்லைப் போட்டுவிட்டால் இனம் என்ற சொல் எப்படிக் காணாமல் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணத்தை நான் பார்த்ததில்லை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிற்பாடு, 1974இல், ஆளுக்குப் பாதி பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

இனி சர்வதேசச் சட்டத்துக்கு வருவோம். எல்லா வகை இனப்பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கை 1965 டிசம்பரில் நிறைவேறி 1969இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் பிரிவு தரும் வரையறை விரிவானது: இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழுப் பின்னணி. (வம்சாவளி என்ற சொல்லை வரைவின்போது உள்ளே கொண்டுவந்தது இந்தியா. சாதியும் அதில் அடங்கும் என்று உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2002இல் சொன்னபோது அதை ஏற்க மறுப்பதும் இந்தியாதான். அது தனிக் கதை.) ஆனால் அதே முதல் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, குடிமக்களுக்கும் குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் இடையே ஓர் அரசு காட்டும் வேறுபாட்டுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது என்கிறது. முன்வாசலை அடைத்துப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

இந்தத் துறையின் பாதிச் சண்டை அந்தக் கொல்லைக் கதவைப் பற்றியது. உடன்படிக்கையின் குழு 2004இல் வெளியிட்ட 30ஆம் பொதுப் பரிந்துரையில் அதைக் கொஞ்சம் சாத்திப் பார்த்தது: குடியுரிமையை வைத்துக் காட்டும் வேறுபாட்டுக்கு நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்கு அளவாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் இனப்பாகுபாடே என்றது. அப்புறம் கத்தார் வழக்கு வந்தது. 2017இல் ஐக்கிய அரபு அமீரகம் கத்தார் நாட்டவரை வெளியேறச் சொன்னதை எதிர்த்து 2018இல் கத்தார் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. தேசியப் பின்னணி என்பது பிறப்போடு வருவது, இன்று கையில் இருக்கும் பாஸ்போர்ட் அதில் அடங்காது என்று 2021 பிப்ரவரியில் 11க்கு 6 என்ற கணக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழு இவ்வளவு நாள் சொல்லிவந்ததைத் தெரிந்தே ஒதுக்கிய தீர்ப்பு. சொற்பொருளை மட்டும் பார்த்தால் பெரும்பான்மை சொன்னதைத் தவறென்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் விளைவு என்ன? ஒரு மக்களை இனத்தைச் சொல்லி விரட்டினால் குற்றம், பாஸ்போர்ட்டைச் சொல்லி விரட்டினால் வேறு சட்டத்தைப் பார்த்துக்கொள்.

இந்த மூன்றையும் ஏன் ஒரே ஆள் படிக்க வேண்டும் என்று கேட்டீர்கள். அதற்கு நேரடியான பதில் ப்ராக் விமான நிலைய வழக்கில் இருக்கிறது. செக் நாட்டுச் சிறுபான்மை இனமான ரோமா மக்கள் பிரிட்டனுக்குப் போய்ப் புகலிடம் கேட்டுவந்தார்கள். 2001 ஜூலையில் பிரிட்டன் தன் குடிவரவு அதிகாரிகளை ப்ராக் விமான நிலையத்திலேயே உட்கார வைத்து, புகலிடம் கேட்கக்கூடியவர்கள் என்று தோன்றியவர்களை விமானம் ஏறும் முன்பே தடுத்தது. வழக்கு 2004 டிசம்பரில் பிரபுக்கள் சபையில் (அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் அதுதான்) தீர்ந்தது. அகதிகள் உடன்படிக்கையை வைத்து நடத்திய வாதம் தோற்றது. காரணம், அகதி என்பவர் தன் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இவர்களோ இன்னும் செக் மண்ணில்தான் நிற்கிறார்கள். இனப்பாகுபாட்டுச் சட்டத்தை வைத்து நடத்திய வாதம் வென்றது. எல்லோரையும் ஒரே மாதிரிதான் விசாரித்தோம் என்றது அரசு. ஆனால் ஒரு ரோமா தடுக்கப்படும் வாய்ப்பு மற்றவரைவிட 400 மடங்கு என்று கண்காணித்த அமைப்பின் கணக்கு காட்டியது. ரோமா என்பதற்காகச் சந்தேகப்படவில்லை, புகலிடம் கேட்பார்கள் என்பதற்காகத்தான் சந்தேகப்பட்டோம் என்ற அரசின் விளக்கத்தை நீதிபதி ஹேல் ஏற்கவில்லை. ஒரு கூட்டத்தில் பலர் அப்படிச் செய்கிறார்கள் என்பதற்காக அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒவ்வொருவரையும் கூடுதலாகச் சந்தேகிப்பதைத்தானே பாகுபாட்டுச் சட்டம் தடுக்கிறது?

அகதிச் சட்டம் மட்டும் தெரிந்த வழக்கறிஞர் அந்த வழக்கில் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்.

இதே முடிச்சு நாட்டுக்கு உள்ளேயும் விழும். ஸ்பெயினின் வல்லடோலிட் ரயில் நிலையத்தில் 1992 டிசம்பரில் ரோசலின்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணிடம் மட்டும் போலீஸ்காரர் அடையாள அட்டை கேட்டார். அவர் பல வருடமாக ஸ்பெயின் குடிமகள். கூட இருந்த வெள்ளைக்காரக் கணவரிடம் கேட்கவில்லை. ஆள் வெளிநாட்டவர் என்பதற்குத் தோலின் நிறம் ஓர் அறிகுறிதான், அதைப் பயன்படுத்தியதில் தவறில்லை என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2001இல் சொன்னது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2009இல் அதை மறுத்து, வெறும் நிறத்தை வைத்து மறித்தது பாகுபாடே என்றது. ஓர் அடையாள அட்டைக்குப் பதினேழு வருட வழக்கு.

டென்மார்க்கில் இருந்த 28 ஆண்டு விதியையும் பாருங்கள். வெளிநாட்டு மனைவியையோ கணவரையோ அழைத்து வர, அந்தத் தம்பதியின் பிணைப்பு வேறெந்த நாட்டையும்விட டென்மார்க்கோடு அதிகம் என்று காட்ட வேண்டியிருந்தது. 28 ஆண்டு டேனிஷ் குடிமகனாக இருந்தவருக்கு அந்த நிபந்தனை இருக்கவில்லை. பிறப்பால் டேனிஷ்காரர் 28 வயதில் அந்தச் சலுகையைப் பெற்றுவிட்டார். முப்பது வயதில் குடியுரிமை வாங்கிய ஆப்பிரிக்கர் 58 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2016இல் பியாவோ வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு இதை மறைமுக இனப்பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. மறைமுகப் பாகுபாடு என்ற இந்தக் கருவிதான் நம் கையில் இருக்கும் உளி. விதி யாரைப் பெயர் சொல்கிறது என்பதை விட்டுவிட்டு, யார் மேல் போய் விழுகிறது என்று பார்க்கச் சொல்கிறது. 1953இல் அது கோடகன் பிள்ளையின் வழக்கறிஞர்கள் கையில் இருந்திருந்தால் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அடிக்கடி வரும் இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். விமானத்தில் வராமல் ஏன் உயிரைப் பணயம் வைத்துப் படகில் வருகிறார்கள்? விமான டிக்கெட் பல நேரம் படகுக்காரருக்குக் கொடுப்பதைவிட மலிவு. ஆனால் விசா இல்லாதவரை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம். அதனால் பயணி உண்மையான அகதியா என்ற கேள்விக்கு, விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் நிற்கும் ஊழியரே நடைமுறையில் பதில் சொல்லிவிடுகிறார். பிரிட்டனில் இந்த அபராதச் சட்டம் வந்தது 1987இல். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஹீத்ரோவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் வந்திறங்கிப் புகலிடம் கேட்டதை ஒட்டித்தான் அது அவசரமாகக் கொண்டுவரப்பட்டது. சட்டத்தில் தமிழர் என்ற சொல்லைத் தேடாதீர்கள், இருக்காது.

அதேநேரம், வாசலைத் திறக்க மனமிருந்தால் எவ்வளவு வேகமாகத் திறக்கலாம் என்பதையும் பார்த்துவிட்டோம். கூட்டமாக வருவோருக்குத் தற்காலிகப் பாதுகாப்புத் தரும் ஆணை ஒன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2001இலேயே வைத்திருந்தது. 2015இல் சிரியர்கள் வந்தபோது அதைத் தொடவில்லை. 2022 மார்ச்சில் உக்ரைனியர்களுக்காக முதல்முறையாக, போர் தொடங்கிய சில நாட்களிலேயே நடைமுறைப்படுத்தியது. உக்ரைனியர்களுக்குக் கிடைத்தது சரியானதே. அதே எல்லையில் ஆப்பிரிக்க, ஆசிய மாணவர்களை வரிசையில் பின்னுக்குத் தள்ளினார்களே, அதைத்தான் கேட்க வேண்டும்.

இந்தத் துறையில் இப்போது அதிகம் பேசப்படும் பெயர் டெண்டாயி அச்சியூமே. ஜாம்பியாவில் பிறந்தவர், சட்டப் பேராசிரியர், 2017 முதல் 2022 வரை இனவெறி குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். (அவருக்குப் பின் வந்தவர் இந்தியாவைச் சேர்ந்த அஸ்வினி கே.பி.) அச்சியூமே 2019இல் எழுதிய நீண்ட கட்டுரையின் வாதம் துணிச்சலானது. காலனி ஆட்சி நடத்திய நாடும் அடிமைப்பட்ட நாடும் இன்றும் ஒரே பொருளாதாரக் கயிற்றில் கட்டுண்டு கிடக்கின்றன. அப்படியிருக்க, அங்கிருந்து வருகிறவரை அந்நியர் என்று தள்ள முன்னாள் ஆண்டை நாட்டுக்குத் தார்மீக உரிமை இல்லை. வருவது பிச்சை கேட்டல்ல, காலனியத்தை நீக்கும் செயல் என்கிறார்.

லண்டனையும் பாரிஸையும் பார்த்து இதை வாசித்தால் மறுப்பது கடினம். என் தயக்கம் வேறு இடத்தில். 1948இல் இலங்கை செய்ததை இந்த வாதத்தால் முழுதாக விளக்க முடியாது. 2013இல் டொமினிகன் குடியரசின் அரசியலமைப்பு நீதிமன்றம், ஹைட்டிய வம்சாவளியினரின் குடியுரிமையை 1929 வரை பின்னோக்கிப் போய்ப் பறித்ததையும் முடியாது. ரோஹிங்கியாக்களைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்திய மியான்மரின் 1982ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான். அடிமைப்பட்டிருந்தவர்கள் விடுதலையான பின் தாங்களே கையிலெடுத்த கருவிகளில் ஒன்று ஆண்டையின் குடியுரிமைக் கணக்கேடு. காலனியாக இருந்த தெற்கு நாடுகளிலிருந்து வரும் ஓர் ஆராய்ச்சியாளர் எழுத வேண்டிய அத்தியாயம் இங்கேதான் பாக்கி இருக்கிறது. உங்கள் தலைப்பை இந்தப் பக்கமாகத் தேடலாம்.

சட்டம் மட்டும் போதுமா என்றால், போதாது. 400 மடங்கு என்ற எண் இல்லாமல் ப்ராக் வழக்கின் கதை பாதியாகியிருக்கும். ஆகவே புள்ளியியல் கொஞ்சம் படியுங்கள். விசா விண்ணப்பங்களை இப்போது கணினி முதலில் தரம் பிரிக்கிறது. நாட்டுப் பெயரை வைத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்த ஒரு மென்பொருளைப் பிரிட்டன் 2020 ஆகஸ்டில், வழக்குத் தொடுக்கப்பட்ட பிறகு, கைவிட்டது. 50 சொல் சோதனையின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்வேன். அதை எழுதியவருக்கும் யார் மீதும் வெறுப்பு இருந்திருக்க வேண்டியதில்லை.

பேராசிரியரைச் சந்திக்கப் போகும்போது பெரிய ஆராய்ச்சித் திட்டமெல்லாம் எடுத்துப் போக வேண்டாம். கோடகன் பிள்ளை எதிர் முதநாயக்க தீர்ப்பைத் தேடி எடுங்கள், நீளமானதல்ல. இடம்பெயரும் பழக்கம் பற்றிய அந்த வாக்கியத்தை அடிக்கோடிட்டு, இதே வழக்கு இன்று வந்தால் மறைமுகப் பாகுபாட்டுக்கு எந்தெந்தச் சான்றுகளை முன்வைப்பீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். நானாக இருந்தால் அந்த இரண்டு பக்கத்தை வைத்தே முடிவு செய்துவிடுவேன்.